எங்கள் வீட்டு மூக்கு

மொத்தப் பழ மார்க்கெட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் சங்கு. பக்கத்து மில்லில் ஷிப்டுக்கு ஊதும் சங்கு ஒருமுறை பழுதாகிப் போனதாம். அந்த வாரம் முழுக்க இவர் குரலைக் கேட்டுத்தான் தொழிலாளர்கள் வேலைக்குக் கிளம்பினார்களாம். யாரோ கட்டிவிட்ட கதைதான். ஆனால் பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஏலம் விடுவது அவர் தொழில். தகரக் கூரைக்கடியில் லாரியிலிருந்து இறங்கிய ஆரஞ்சும் ஆப்பிளும் திராட்சையும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்க, ஒரு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். மைக் கிடையாது. ஒருமுறை வைத்துக் கொடுத்தபோது, "ஏலம் விடறது நானா, மைக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "சங்கு ஊதியாச்சா?" என்று வியாபாரிகள் ஒருவரையொருவர் கேட்டால் ஏலம் ஆரம்பித்துவிட்டதா என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் யாரோ போய்விட்டார்கள் என்று பதறிப்போவார்கள்.

ஆள் குட்டை, பருமன். முகத்தில் பார்த்தவுடன் கண்ணில் படுவது மூக்குதான். மூக்கின் மேலும் இரு பக்கக் கன்னங்களிலும் வெளுத்த சின்னச் சின்னப் புடைப்புகள், மணலை அள்ளி அப்பினதுபோல். வலிக்காது, அரிக்காது, பழுக்காது. முப்பது வயதை ஒட்டித் தலைகாட்டியவை பிறகு போகவே இல்லை. அவருக்கு அதில் துளி வெட்கமும் கிடையாது. ஏனென்றால் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கும் அதே மூக்கு. அக்காவுக்கும் அதே. அப்பா இறந்த பிறகு அவர் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர் நல்லெண்ணத்தோடு முகத்தை வழுவழுவென்று ஆக்கித் தந்தார். அக்கா அதைத் திருப்பிக்கொண்டு போய், "இது யாரு? எங்கப்பா மூக்க எங்கப்பாவுக்கே வைங்க" என்று சண்டை போட்டு வாங்கி வந்தாள். கடைக்குட்டித் தம்பிக்கு மட்டும் அம்மா ஜாடை. முகம் பளிங்கு மாதிரி. "இவன ஆஸ்பத்திரியில மாத்தி எடுத்துட்டு வந்துட்டோம்" என்பது அந்த வீட்டில் அலுக்காத ஜோக்.

அன்று ஆரஞ்சு ஏலம் நடந்துகொண்டிருந்தது. பாதியில் சங்குவின் வலது நெஞ்சில் சுருக்கென்றது. வாயு என்று நினைத்தார். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. எதிரே நின்ற வியாபாரி ஒருவர், "என்ன சங்கு, ஊதவே மாட்டேங்குது?" என்று சிரித்தார். சிரித்தவரே ஓடிவந்து தாங்கிப் பிடிக்கும்படி ஆயிற்று.

சங்குவின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள் சேதி கேட்டு வேனோடு மார்க்கெட்டுக்குள் வந்துவிட்டாள். பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்தார்கள். ஏதோ ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் வளைவுக்கு வளைவு சீட்டுக்கடியில் உருண்டு வந்து இடித்தது.

"மூச்ச இழுத்து விடுங்க" என்றாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"இழுத்தா... குத்துது."

"சரி, அப்ப பேசாதீங்க."

"நீதான கேட்ட."

அந்த நிலையிலும் பதில் சொன்னாரே, அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் சுருங்கி ஒரு ஓரமாகக் கிடந்தது. நுரையீரலில் எங்கோ பொத்தலாகி, காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து, அதையே அமுக்கிவிட்டது என்றார் அவசரப் பிரிவு டாக்டர். விலா எலும்புக்கு நடுவே குழாய் சொருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறுவதை சங்கு படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சோடா குடித்தபோது வாயு என்று நினைத்தது ஒரு வகையில் சரிதான். இருந்த இடம்தான் தப்பு.

"சிகரெட் உண்டா?"

"தொட்டது கூட இல்ல டாக்டர்."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. வாலிபத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு தடவை மூச்சுப்பிடிப்பு என்று சொல்லி நாள்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தார். தானாகச் சரியாகிவிட்டது. அதைச் சொன்னதும் டாக்டரின் பேனா நின்றது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் நுரையீரல் டாக்டர் வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் இருந்த மெல்லிய காற்றுப்பைகளைக் காட்டினார். அதில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது. பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"மூக்குல இருக்கே, இது எவ்வளவு காலமா இருக்கு?"

சங்குவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. "நெஞ்சு வலின்னு வந்தவன்கிட்ட மூக்கப் பத்திக் கேக்கறீங்களே டாக்டரம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. காரணம் இருக்கு. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்கப்பாவுக்கு இருந்தது. இதோ, எங்கக்காவுக்கு இருக்கு."

கட்டில் பக்கத்தில் நின்ற அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள். நீதிமன்றம் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். வக்கீல்களையே வரிசையில் நிற்க வைக்கிற ஆள். அவள் அப்படி மறைத்துக்கொண்டதைச் சங்கு முன்பு பார்த்ததில்லை.

"அப்பா எப்படித் தவறினாரு?"

சங்கு அக்காவைப் பார்த்தார். அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

"கிட்னியில கட்டி" என்றாள் அக்கா. "புத்துநோய். பாத்தப்பவே முத்திப் போச்சு." அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "தோல், நுரையீரல், கிட்னி. மூணையும் சேத்துப் பாத்தா ஒரு விஷயம் தோணுது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இத நான் புத்தகத்துல படிச்சதுதான். நேர்ல பாத்ததில்ல. என் நினைப்பு தப்பாவும் இருக்கலாம். மூக்குலேர்ந்து துளி தோல எடுத்துப் பாக்கணும், ரத்தமும் அனுப்பணும்."

பழைய மூச்சுப்பிடிப்பும் இதேதான் என்று ஆகி, இது இரண்டாவது முறை என்பதால், நுரையீரல் மறுபடி சுருங்கிவிடாதபடி அதை நெஞ்சுக்கூட்டின் உட்சுவரோடு ஒட்ட வைத்து அனுப்பினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது சங்குவுக்குத் தண்டனையாக இருந்தது. மார்க்கெட்டில் இவர் இடத்தில் வேறொருவர் ஏலம் விடுவதாகவும், பாதிப் பேருக்குக் காதில் விழாமல் ஒரே பெட்டியை இரண்டு பேர் எடுத்துக்கொண்டு கைகலப்பானதாகவும் சேதி வந்தது. அன்று மட்டும் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

முடிவு வந்தபோது டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்தார். அவர் நினைத்தது சரிதான். நோய்க்குப் பர்ட்-ஹாக்-டூபே என்று பெயர். முதலில் எழுதி வைத்த மூன்று டாக்டர்களின் பெயராம். சங்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். "மூணு பேரு சேந்து வச்ச பேரு, ஒருத்தன் வாயில எப்படி நுழையும்?"

"பேர விடுங்க. நடக்கறது இதுதான்" என்றார் டாக்டர். "உடம்பு அளவுக்கு மேல வளராம பாத்துக்க உள்ளே பிரேக் மாதிரி சிலது இருக்கு. அதுல ஒண்ணு எல்லாருக்கும் ரெண்டு பிரதி வரும். அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. உங்களுக்கு அப்பா கொடுத்தது பழுதானது."

மனைவிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "கால் பிரேக், கை பிரேக் மாதிரியா? ஒண்ணு வேலை செய்யலன்னாலும் வண்டி நிக்கும்."

"அதேதான். ஆனா கிட்னியில எங்கயாவது ஒரு இடத்துல இன்னொண்ணும் போச்சுன்னா அங்க கட்டி வளர ஆரம்பிக்கும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. நிறையப் பேருக்கு வர்றதே இல்ல. வந்தாலும் பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். அதனால காலாகாலத்துல ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா, சின்னதா இருக்கும்போதே கட்டிய மட்டும் எடுத்துடலாம். கிட்னியக் காப்பாத்திடலாம்."

"மூக்கு?"

"மூக்கு ஒண்ணும் செய்யாது. அழகுக்கு வேணும்னா எடுக்கலாம், திரும்ப வந்துடும்."

"அது இருக்கட்டும். நான் கத்தலாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க கத்தினதால உடையல. தூங்கும்போதும் உடைஞ்சிருக்கும். புண்ணு ஆறட்டும், அப்புறம் கத்துங்க. புகை மட்டும் கிட்ட வரக்கூடாது. விமானத்துல போறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் போங்க."

சங்குவின் கிட்னிகள் சுத்தமாக இருந்தன. 'அப்பாடா' என்று எழுந்தவரை டாக்டர் மறுபடி உட்கார வைத்தார். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், பெற்ற பிள்ளைக்கும், இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா போடுகிற மாதிரி. அவர்களிடம் சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு.

வீட்டுக்கு வரும்வரை சங்குவுக்கு மகள் நினைப்புதான். அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள், பேட்மின்டன் ஆடுகிறாள். பிறந்தபோது வீடே அவள் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "தாத்தா மூக்கு வருமா?" என்று ஆசையாகக் கேட்டது நினைவுக்கு வந்தது.

தம்பி லிப்ட் மெக்கானிக். சேதி கேட்டதும், "எனக்கு எங்க இருக்கப்போவுது? என் மூஞ்சியப் பாரு. சரி, அக்காவுக்குத் தைரியம் வரட்டும்னு நானும் ரத்தம் கொடுக்கறேன்" என்று கிளம்பி வந்தான். அக்கா பிடி கொடுக்கவில்லை.

கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, சங்கு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினார். அக்கா காகிதக் கட்டுகளைத் தட்டித் தட்டி அடுக்கினாளே தவிர நிமிரவில்லை.

"ஒரு ஸ்கேன்தானக்கா."

"அப்பாவுக்கும் ஒரு ஸ்கேன்தான் எடுத்தாங்க."

"அது வேற காலம்."

"உனக்கு என்னடா தெரியும்? நீ மூட்டை தூக்கப் போயிட்ட, சின்னவன் பள்ளிக்கூடம் போயிட்டான். கூட இருந்தவ நான். வயித்தத் தொறந்தாங்க, பாத்தாங்க, ஒண்ணும் செய்யாம தச்சு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷன் நல்லா சாப்பிட்டாரு, சிரிச்சாரு. தெரிஞ்ச அன்னைக்கே பாதி செத்துட்டாரு. தெரிஞ்சு என்ன ஆச்சு? என்னைத் தெரியாமலே இருக்க விடு."

"உனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்கக்கா."

"இதுல மூக்க நுழைக்காத" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு முடிந்ததும் அவள் மறுபடி காகிதக் கட்டை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

தம்பியின் ரத்தப் பரிசோதனை வந்தது. பளிங்கு முகத்துக்காரனுக்கும் இருந்தது. சிலருக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது, முகத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றார் டாக்டர். ஸ்கேனில் இடது கிட்னியில் ஒரு கட்டி, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. எடுக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி லிப்ட்டில் இறங்கும்போது, வழக்கமாக எந்த லிப்ட்டில் ஏறினாலும் கதவுச் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்கிற தம்பி சுவரைப் பார்த்தபடி நின்றான். "என்னை மாத்தி எடுத்துட்டு வரலண்ணே" என்றான். சங்கு அவன் தோளில் கை வைத்தார்.

ஆபரேஷனுக்கு அக்காதான் கூட இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பையில் துணியையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு, அவளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். சர்ஜன் வெளியே வந்ததும், "தச்சு அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. "கட்டிய முழுசா எடுத்தாச்சும்மா. கிட்னி அப்படியே இருக்கு" என்றார். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

சில நாளில் தம்பி வயிற்றில் சொருகியிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸிடம் வம்பு வளர்த்தான். லிப்ட் கதவு சத்தம் போடுகிறது, எண்ணெய் விடச் சொல்லுங்கள் என்றான். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் வேறொன்றைப் பார்த்திருந்தாள். அப்பா எழுந்து நடக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒருநாள் காலை, ஏலத்துக்குத் திரும்பியிருந்த சங்குவுக்கு மனைவியிடமிருந்து போன்.

"உங்கக்கா என் வேன்ல உக்காந்திருக்காங்க. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போன்னாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

"அப்ப ஏன் சொல்ற?"

"அப்புறமா தெரிஞ்சு நீங்க கத்தாம இருக்கணும்னுதான்."

அக்காவின் வலது கிட்னியில் ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. இப்போதைக்குத் தொட வேண்டாம், வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா அதைக் வாடகைக்குக் குடிவந்தவனைப்பற்றிப் பேசுவதுபோல்தான் பேசினாள்: "இருக்கட்டும். ஒழுங்கா இருந்தா இருக்கட்டும். வாலாட்டினா காலி பண்ணிடலாம்." தன் பிள்ளைகளுக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள்.

மகள் மட்டும் மிச்சம். ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சங்கு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அவள் ஆடிவிட்டு மூச்சு வாங்க வீட்டுக்குள் வரும்போதெல்லாம் இவர் மூச்சு நின்றது. ஒருநாள் அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் பாத்துடலாம்னு இருக்கேன். நீங்க என்னைப் பாக்கற பார்வை தாங்கல."

"நான் என்னம்மா பாத்தேன்?"

"எனக்கு என்னமோ பண்ணிட்ட மாதிரி பாக்கறீங்க. நீங்க கடையில வாங்கியா கொடுத்தீங்க? தாத்தாவும் வேணும்னேவா கொடுத்தாரு?"

சங்குவுக்குக் கண் நிறைந்துவிட்டது. செய்தித்தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அவள் அதை நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு இல்லை. மனைவி வேனை ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதாள். பின்னால் இருந்த பிள்ளைகள் வேன் ஆன்ட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கூடவே அழுதன. சங்கு சந்தோஷப்பட்டார்தான். ஆனால் அந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பிக்கு இரண்டு குழந்தைகள், பள்ளிக்கூடம் போகிற வயது. சோதனையெல்லாம் அவர்கள் பெரியவர்களான பிறகு அவர்களே முடிவு செய்யட்டும், அதுவரை கவலைப்பட வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் ஆபரேஷன் காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை. இந்த நேரத்தில் அவனிடம் போய், என் மகள் தப்பித்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் எல்லாரையும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவைத்தார்.

மறைக்கத் தெரியாத மனிதர். தம்பி போன் செய்தால் வேலை இருக்கிறது என்றார். வீட்டுக்கு வருகிறேன் என்றால் வெளியே போகிறேன் என்றார். தம்பி நேராக மார்க்கெட்டுக்கே வந்துவிட்டான். ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் வைக்கோல் மிதந்தது.

"என்னண்ணே, அவளுக்கு இருக்கா?" என்று கேட்டான். "எங்கிட்ட ஏன் மறைக்கற? நான் தாங்கிக்குவேன், சொல்லு."

சங்குவுக்கு அப்போதுதான் தான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. சொல்லாமல் இருந்ததில் தம்பி கெட்டதை நினைத்து இத்தனை நாள் தவித்திருக்கிறான்.

"இல்லடா. அவளுக்கு இல்ல."

தம்பி அவரையே பார்த்தான். பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். கோபமா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

"உனக்கு அறிவு இருக்கா? நல்லத மறைக்கறவன நான் இப்பத்தான் பாக்கறேன். என் பசங்களுக்கு இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல. அதுக்கு வழி தெரிஞ்சுதான் இருக்கு. அதுக்காக நீ உன் வீட்டுல இழவு விழுந்த மாதிரி உக்காந்திருப்பியா?"

"உனக்கு வருத்தமா இருக்குமேன்னு..."

"வருத்தம்தான். சந்தோஷமும்தான். ரெண்டும் இருக்கக்கூடாதா?"

தம்பிக்குப் பக்கத்தில் சங்குவும் உட்கார்ந்தார். தரையைக் கழுவுகிறவர், "கால எடுங்க சாமிகளா" என்று சொல்லித் தண்ணீரை அடித்தார். இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தம்பி போனை எடுத்து அண்ணன் மகளைக் கூப்பிட்டு, சித்தப்பாவிடமே மறைத்ததற்கு அவளையும் ஒரு பிடி பிடித்தான். பிறகு, சாயங்காலம் ஆடப் போகும்போது தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். வீட்டில் இருந்தால் உயிரை எடுக்கிறார்களாம்.